இருமலும் இலக்கியமும்

போன தை மாதத்தில் ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு மனு எழுதுவதா பெரிய காரியம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஐயம்பேட்டை. தெருவுக்குள் தறிச் சத்தம். சாலைக்கு வந்தால் கல் லாரிச் சத்தம். பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர், அறுபது வயது தாண்டியும் தினம் தார் சுற்றுகிறவர், தம் மருமகனை அழைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, நீ கதையெல்லாம் எழுதறியே, இவருக்கு ஒரு மனு எழுதிக் குடுக்க மாட்டியா?" என்றார்.

மருமகனுக்கு நாற்பது வயது ஆகவில்லை. என் வீட்டுத் திண்ணைக்கு மூன்று படி. மூன்றாவது படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் பேச்சு வந்தது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கூலி கட்டவில்லை என்று தறிக்குழியை விட்டு எழுந்து, ஒரு கிரஷரில் சேர்ந்து, பதினோரு வருஷம் ஜல்லி உடைக்கிற யந்திரத்தின் வாய்க்கருகே நின்றிருக்கிறார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதில் எக்ஸ்ரே படங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள். ஒரு சீட்டில் காசநோய் என்று இருந்தது. அதற்கு ஆறு மாதம் வீதம் இரண்டு தடவை மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். சளியில் கிருமி இல்லை என்று சொல்லும் சீட்டும் அதே பைக்குள் இருந்தது. கடைசியாகப் பார்த்த ஒரு டாக்டர்தான், "கல் வேலை பார்த்தியாப்பா?" என்று கேட்டு, காகிதத்தின் ஓரத்தில் சிலிக்கோசிஸ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்.

அன்றிரவே மனுவை எழுதினேன். நாலு பக்கம். மலையைப் பிளந்தவனின் மார்பு பிளந்த கதை. படித்துக் காட்டியபோது அந்த அம்மாள் அழுதுவிட்டார். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. மறுநாள் காஞ்சிபுரத்தில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரின் குமாஸ்தாவிடம் கொண்டு போனோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார். "நல்லாத்தான் இருக்கு சார். இதை ஏதாவது வாரப் பத்திரிகைக்கு அனுப்பிடுங்க. இதுல வருஷம் எங்கே? எந்தக் கிரஷர்? யார் கையால சம்பளம்? கூட வேலை பார்த்தவங்க யாரு? மூச்சு வாங்க ஆரம்பிச்சது எந்த மாசம்? ஒண்ணும் இல்லையே" என்றார்.

என் எழுத்தைப் பற்றி விமரிசகர்கள் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அந்த நாலு பக்கத்தை வைத்துக்கொண்டு, தமிழ்க் கதைகளில் இருமுகிறவர்களைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கதைகளில் இருமலுக்குப் பஞ்சமே கிடையாது. கதாநாயகி இருமினால் க்ஷயம். ஏழைக் கிழவன் இருமினாலும் க்ஷயம். கைக்குட்டையில் ஒரு பொட்டு ரத்தம், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், கடைசி அத்தியாயம். 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தில் சரோஜாதேவிக்கு வந்த க்ஷயத்தைப் பார்த்து நாடே அழுதது. புதுமைப்பித்தன் 1948இல் க்ஷயத்துக்குத்தான் பலியானார். ஆகவே இந்த வியாதியை எழுத்தாளர்கள் கற்பனையாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். அது வீட்டுக்கு வீடு இருந்த வியாதி. ஆனால் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. இருமுகிறவன் எந்த வேலை பார்த்தான் என்று கேட்கத் தோன்றாத பழக்கம் அது.

ஆஸ்பத்திரியிலும் இதே பழக்கம் இருக்கிறது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் காசம் என்று எழுதிவிடுவது சுலபம். கல் தூசியால் நைந்த நுரையீரலில் காசமும் எளிதாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. அதனால் டாக்டரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காசம் என்று எழுதினால் கிருமியின் மேல் பழி. கிருமிக்கு விலாசம் கிடையாது, அதன் மேல் வழக்குப் போட முடியாது. கல் தூசி என்று எழுதினால் அந்தத் தூசியை யார் கிளப்பினார், தண்ணீர் தெளித்தாரா, தூசியை உறிஞ்சும் யந்திரம் வைத்தாரா, முகமூடி கொடுத்தாரா என்று கேள்விகள் வரிசையாக வந்துவிடும். நம் கதாசிரியர்கள் எல்லா இருமலையும் க்ஷயத்தின் கணக்கில் எழுதியபோது, தெரியாமலேயே பிரதிவாதிக்குச் சாட்சி சொல்லிவிட்டார்கள்.

மற்றவர்களைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. என் இருபத்தெட்டாவது வயதில் கல் உடைக்கும் பெண் ஒருத்தியைப் பற்றி ஒரு கதை எழுதினேன். கடைசி வாக்கியத்தில் அவள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ரத்தம் கக்கிச் சாகிறாள். பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. 'எதனால் செத்தாள்?' என்று ஒரு கடிதமும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எதனால் என்பதை இப்போது டாக்டர்களின் புத்தகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி அவ்வளவு ஆபத்தானதல்ல. அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கொல்வது கண்ணுக்குத் தெரியாதது, தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள். கருங்கல்லிலும் மணற்கல்லிலும் வெண்கல்லிலும் உள்ள சிலிக்காத் துகள் மூச்சுப்பைகளின் அடிவரை போய்விடுகிறது. உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கிவிட்டுத் தாங்களே செத்துப்போகின்றன. அந்த இடத்தில் தழும்பு ஏறுகிறது. தழும்பின் மேல் தழும்பு. வேலையை விட்டு வருஷக்கணக்கான பிறகும் அது வளரக்கூடியது. சாதாரணமாகப் பத்து வருஷத்துக்கு மேல் தூசி தின்றால்தான் வெளியே தெரியும். தூசி மிக அதிகமாக இருந்தால் சில மாதங்களே போதும். தழும்பைக் கரைக்க மருந்து இல்லை. இதற்கு நம் தெருவில் பேரும் இல்லை. இளைப்பு என்கிறார்கள், ஈளை என்கிறார்கள். பேர் இல்லாத வியாதியைப் பற்றி எப்படிக் கதை எழுதுவது, எப்படிப் பிராது கொடுப்பது?

காஞ்சிபுரத்துக்காரனுக்குக் கல்லைப் பற்றி ஒரு பெருமை உண்டு. கைலாசநாதர் கோயில் மணற்கல்லால் ஆனது. யாராவது நண்பர்கள் வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப்போவேன். அந்தப் பிராகாரத்துச் சிற்றறைகளையும் சிங்கத் தூண்களையும் காட்டிப் பல்லவர்களின் கலை என்று நானும் பிரசங்கம் செய்திருக்கிறேன். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்கள் ஆயனச் சிற்பியாரை மறக்கமாட்டார்கள். அவர் வீட்டு உளிச் சத்தத்தை ஒரு சங்கீதம் போலக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆயனர் அஜந்தா வர்ண ரகசியத்துக்காக ஏங்குகிறார், மகளுக்காக ஏங்குகிறார். நான் படித்த அளவில் அவர் கல் தூசிக்காக ஒரு தடவைகூட இருமியதில்லை. கல்கியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் எழுத நினைத்தது வேறு. ஆனால் உளிச் சத்தத்தைக் கேட்ட நாங்கள் உளியிலிருந்து பறக்கும் பொடியைப் பார்க்கவில்லை என்பது மெய்.

பார்த்து எழுதியவர்கள் வெளிநாட்டில் உண்டு. முதலில் நினைவுக்கு வருவது ஏ. ஜே. குரோனின். 1937இல் வந்த அவருடைய 'சிடடல்' நாவலை நம் ஊர் நூலகங்களில் அட்டை கிழியக் கிழியப் படித்திருக்கிறார்கள். ஹிந்தியில் அதை வைத்து 1971இல் 'தேரே மேரே சப்னே' என்று படமும் வந்தது. குரோனின் டாக்டர். வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரில் வைத்தியம் பார்த்தவர். 1924இல் சுரங்கங்களின் மருத்துவ இன்ஸ்பெக்டராக இருந்து, தூசியையும் நுரையீரலையும் பற்றி அறிக்கை எழுதியவர். ஆகவே நாவலின் முற்பகுதியில் அவர் சொல்வது எல்லாம் கண்ணால் கண்டது. கதாநாயகன் மான்ஸன் ஒவ்வொரு தொழிலாளியாக மார்பைத் தட்டிப் பார்த்து, நிலக்கரியின் எந்த வேலையில் இருப்பவனுக்கு நுரையீரல் கெடுகிறது என்று கணக்கெடுக்கிற பக்கங்கள் மிக நன்றாக இருக்கின்றன. அந்த ஆராய்ச்சியின் பலத்தில் லண்டனில் ஒரு சர்க்கார் குழுவில் வேலை கிடைக்கிறது. அங்கே போனால், தூசியை விட்டுவிட்டு, முதலுதவிக் கட்டுத்துணியின் அளவை ஆராயச் சொல்கிறார்கள். அந்தக் கிண்டல் ஒன்றுக்காகவே குரோனினைக் கும்பிடலாம்.

ஆனால் அதற்குப் பிறகு தூசியும் மறைகிறது, தொழிலாளியும் மறைகிறான். மான்ஸன் வேலையை உதறிவிட்டு, பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்துக் கெட்டு, திருந்தி, மனைவியை இழக்கிறான். கடைசியில் ஒரு விசாரணை வருகிறது. விசாரிக்கப்படுகிறவன் டாக்டர். சுரங்கத்தில் மூச்சுத் திணறியவன் எவனும் அந்த மன்றத்தின் வாசற்படி ஏறுவதில்லை. அவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்ததா? அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது லேசான காரியமில்லை. 1928இல் வந்த ஒரு திட்டத்தின்படி, தான் குடைந்த பாறையில் பாதிக்குப் பாதி சிலிக்கா இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டியிருந்தது. எந்தப் பாறை என்று சொல்ல, வெட்டியெறிந்த பாறைக்கு எங்கே போவான்? நிலக்கரித் தூசிக்கே நஷ்டஈடு என்று ஒப்புக்கொள்ள 1943 வரை ஆயிற்று. இதுவல்லவா நாவல்! குரோனின் இதைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார். டாக்டரின் மனசாட்சி அவருக்குப் போதுமானதாக இருந்தது.

விடாதவர் ஒரு பெண், கவிஞர். முரியல் ருக்கைஸர் என்று பெயர். அவரைப் பற்றிச் சொல்லுமுன் இடத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில், காலி பிரிட்ஜ் என்ற ஊருக்கு அருகே, 1930இல் மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுக்க மூன்று மைல் சுரங்கம் வெட்டினார்கள். வெட்டப்பட்ட மலை ஏறக்குறைய சுத்தமான சிலிக்கா. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும், வேலை தாமதமாகும்; ஆகவே வறட்டுக் கல்லாகவே துளைத்தார்கள். பார்வையிட வந்த பெரியவர்கள் முகமூடி போட்டுக்கொண்டார்கள். வேலையாட்களுக்குக் கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த நீக்ரோக்கள், இன்று கறுப்பர்கள் என்கிறோம். ஒரு வருஷம் இரண்டு வருஷத்துக்குள் சாக ஆரம்பித்தார்கள். நிமோனியா என்றார்கள், சுரங்கத்தின் பெயரால் ஏதோ ஒரு காய்ச்சல் என்று புதுப்பெயரும் வைத்தார்கள். பின்னாளில் செர்னியாக் என்ற டாக்டர் கணக்குப் பார்த்து, 1986இல் வெளியிட்ட புத்தகத்தில் செத்தவர்கள் 764 பேர் இருக்கலாம் என்றார். 1933இல் ஒரு கூட்டம் வழக்குகளைச் சமரசமாக முடித்தார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலர். அதில் பாதி வக்கீல்களுக்குப் போயிற்று. சுரங்கம் யாருக்காக வெட்டப்பட்டது தெரியுமா? யூனியன் கார்பைடு. 1984 டிசம்பரில் போபாலில் நாம் தெரிந்துகொண்ட அதே பெயர்.

ருக்கைஸர் 1936இல், இருபத்திரண்டு வயதில், ஒரு புகைப்படக்காரத் தோழியோடு அங்கே போனார். 1938இல் 'இறந்தோர் புத்தகம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நீண்ட கவிதை வந்தது. அதில் நிலா இருக்கிறது, ஆறு இருக்கிறது. ஆனால் பக்கம் பக்கமாக இருப்பது அமெரிக்கப் பார்லிமெண்டுக் கமிட்டியின் விசாரணை. டாக்டரிடம் கேள்வி, டாக்டரின் பதில். எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்ற விளக்கம். ஓர் இடத்தில் கம்பெனியின் பங்கு விலையையே கவிதைக்கு நடுவில் வைத்துவிட்டார். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய் வருகிறாள். எக்ஸ்ரே எடுக்கப் பணமில்லாமல் சாலையில் நின்று பிச்சை எடுத்தவள் அவள். கடைசிப் பிள்ளை, தான் செத்தபின் தன் மார்பைத் திறந்து பார்த்து வழக்கை நடத்தச் சொல்லிவிட்டுப் போகிறான். தன் உடம்பையே தஸ்தாவேஜாக எழுதிவைத்துவிட்டுப் போன பிள்ளை. இதைவிட உருக்கமான காட்சி நம் கதைகளில் ஆயிரம் உண்டு. அங்கே உருக்குகிறது அவன் கேட்ட அத்தாட்சி.

அந்தக் கவிதை முழுவதும் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். சில பகுதிகள் பத்திரிகைச் செய்தியாகவே நின்றுவிடுகின்றன. கடைசிப் பகுதியில் சரித்திரம், சுதந்திரம் என்று குரல் உயர்கிறபோது என் கவனம் கலைந்தது. ஆனால் காஞ்சிபுரத்துக் குமாஸ்தா என்னிடம் கேட்ட அத்தனை கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. எந்த வருஷம், எந்த மலை, யார் முதலாளி, யார் சாட்சி.

'இது இலக்கியமா, பிரசாரமா?' என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நானே அந்தக் கட்சியில் இருந்தவன். மனு வேறு, கவிதை வேறு என்று மேடையில் பேசியிருக்கிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது, என்னுடைய முதல் மனுதான் பிரசாரம். அதில் ஒருவன் கஷ்டப்பட்டான் என்று இருந்ததே தவிர, அவன் யார் என்று இல்லை. பெயரை மாற்றி வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நம்மவர்கள் எழுதாததற்கு விஷயம் இல்லாதது காரணம் அல்ல. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள், அதிலும் ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்டவர்கள், 1880களிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். தங்கம் வெண்கல் நரம்புக்குள் இருக்கிறது. வெண்கல் என்றால் சிலிக்கா. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் அதைத் துளைத்தார்கள். 1940இல் மைசூர் சமஸ்தானம் இந்த வியாதிக்கென்றே தனி விதிகள் செய்தது. அந்த நாற்பதுகளில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்த டாக்டர்கள், நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிக்கோசிஸ் என்று எழுதினார்கள். இது 1947இல் அச்சாயிற்று. சுரங்கத்தை 2001 பிப்ரவரியில் மூடியும் விட்டார்கள். நூற்றிருபது வருஷ வாழ்வு! திரையில் 'கே.ஜி.எஃப்' வந்தது, துப்பாக்கி சுட்டது. 2024இல் ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்து, தோண்டப் போனவர்கள் யார் என்றாவது நாட்டுக்குச் சொன்னது. அந்த 43.7க்கு இன்னும் நாவல் வரவில்லை. தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பி. எச். டேனியல் கிடைத்தார், அவரும் டாக்டர்தான், ஆங்கிலத்தில் எழுதி நாற்பது வருஷம் போலக் கழித்துத்தான் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தார். உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணன் கிடைத்தார். உப்பளத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதினார். கல் தூசிக்கு யாரும் போகவில்லை.

இந்தப் பிராதுகளில் ஜெயித்ததும் உண்டு. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா, அலிராஜ்பூர் பக்கத்து ஆதிவாசிகள் குஜராத்தில் கோத்ராவுக்குப் போய் வெண்கல் மாவரைக்கும் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். திரும்பி வந்து ஊரில் செத்தார்கள். அவர்கள் பெயர் எந்த ஆலையின் கணக்கிலும் ஒழுங்காக இருக்கவில்லை. செத்தவர்களில் 238 பேர் குடும்பத்துக்குத் தலைக்கு மூன்று லட்சம் கொடுக்கவேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2010இல் சொல்லிற்று. சுப்ரீம் கோர்ட் குஜராத் சர்க்காரைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது 2016 மே மாதத்தில். கோர்ட்டில் அந்த வழக்கு 2006இல் போட்டது. பத்து வருஷம். ராஜஸ்தானில் 2019 முதல் ஒரு கொள்கை இருக்கிறது: வியாதி என்று டாக்டர் குழு சான்று கொடுத்தால் மூன்று லட்சம், செத்தபின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். சர்க்கார் கொடுக்கிறது, நல்லதுதான். ஆனால் தூசியைக் கிளப்பியவர் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார் என்று நம் குமாஸ்தா கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

நான் இரண்டாவது தடவை மனு எழுத உட்கார்ந்தபோது பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். எழுத்தாளனாக எனக்கு அது பழக்கமில்லாத வேலை. முதலில் அவரும் என் பாஷையிலேயே பேசினார். "விதிண்ணா, என்ன பண்றது" என்றார். விதி எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். சிரித்ததில் மூச்சு வாங்கிற்று. மூத்த பெண் பிறந்த வருஷம் என்று பிடி கிடைத்தது. தினக்கூலி, சனிக்கிழமை மேஸ்திரி கையால். கையெழுத்து இல்லை, அடையாள அட்டை இல்லை. தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்று இருந்தது. அதிகாரிகள் வருகிற அன்று திறப்பார்கள். முகத்துக்குத் துண்டு, மனைவி புடவையில் கிழித்துக் கொடுத்தது. சாயங்காலம் அந்தத் துண்டை உதறினால் மாவு மாதிரிக் கொட்டும். கூட நின்றவர்கள் ஐந்து பேர். மூன்று பேர் ஒடிஷாக்காரர்கள், ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார், காசம் என்றுதான் அவருக்கும் எழுதினார்களாம். மீதி ஒருவர் உத்திரமேரூர் பக்கம், மாமனார் வீட்டில் இருக்கிறார்.

இவ்வளவும் எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் இந்தத் தடவை அழவில்லை. "அந்த டீக்கடைய சொன்னியா?" என்று மருமகனைக் கேட்டார்.

கிரஷர் வாசலில் ஒரு டீக்கடை. காலையில் டீ, பத்து மணிக்குப் போண்டா, எல்லாம் கடன். சனிக்கிழமை கூலி வாங்கினதும் தீர்ப்பது. கடைக்காரர் ஒரு நீள நோட்டில் தேதி போட்டு, பேர் போட்டு, பக்கத்தில் கிரஷரின் பேரையும் எழுதி வைப்பார், ஏனென்றால் அங்கே மூன்று கிரஷர்களின் ஆட்கள் வருவார்கள். பழைய நோட்டுகளை அவர் எடைக்குப் போடுவதில்லை. யாரிடமாவது பாக்கி நின்றிருக்கும் என்று பரண்மேல் கட்டிவைத்திருக்கிறாராம். குமாஸ்தாவுக்குப் போன் பண்ணினேன். "அதை முதல்ல எடுங்க சார், மனுவை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதாக இருக்கிறோம். பஸ் நிறுத்தத்திலிருந்து கடைக்குக் கொஞ்ச தூரம் நடக்கவேண்டுமாம். அவரால் முடியாது, ஆட்டோ பேசியிருக்கிறேன். இன்னும் இருநூறு ரூபாய்ச் சொச்சம் பாக்கி நிற்கிறது, அதைத் தீர்க்காமல் நோட்டைக் கேட்பது மரியாதையில்லை என்று சொல்லி, அந்த அம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து என்னிடம் கொடுத்திருக்கிறார்.